மஞ்சள் வளையம்

கொஞ்ச நாளாகவே நிதானம் தன் லாரியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டியே நிறுத்தி வந்தான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பூனை நுழைய இடமில்லை. தெருவில் போகிறவர்கள் வண்டியின் முகத்தை மட்டும் பார்க்கட்டும் என்று அவனுக்கு எண்ணம். முகத்தில் ஒரு குறையும் இல்லை. கரும்பச்சை பெயின்ட் கண்ணாடி போல இருந்தது. குறை பின்னால் இருந்தது.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. மெதுவாக ஓட்டுகிறான் என்று மற்ற டிரைவர்கள் சூட்டியது. அவன் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சாப்பாட்டை முடித்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடலாம் என்பார்கள். அவன் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. அந்தப் பெயர்தான் கடைசியில் அவனுக்கு ஒரு நல்லது செய்தது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்கு அப்பால் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்றிப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது. அவசரக்காரன் வேண்டாம் என்று பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோர் ஆபீசர் சொன்னதும், கேட்டவர்கள் எல்லாரும் நிதானத்தின் பெயரைத்தான் சொன்னார்கள்.

அன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருடம் ஜல்லியும் மணலும் செங்கலும் ஏற்றியவன். அவன் மகள் பிறந்தபோது மூச்சுத் திணறி, மலைக்கு அப்பால் இருக்கும் அதே ஆஸ்பத்திரியில், யாரோ ஒரு டிரைவர் அன்று காலை கொண்டுவந்து இறக்கிய சிலிண்டரால் பிழைத்தாள். அந்த டிரைவர் யார் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் வண்டியில் ஏறும் முன் ஒரு வரி வேண்டிக்கொள்வான். அவர் செய்த வேலையை ஒரு தடவையாவது தானும் செய்துவிட வேண்டும் என்பதே அவன் ஆசை.

ஸ்டோர் ஆபீசர் வண்டியைப் பார்க்க வந்தார். மெலிந்த மனிதர், பெரிய மீசை. டயரைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். பின் அச்சின் நடுவே, சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்கள் இருக்கும் இரும்புக் கூடு பானை போல உப்பி நிற்கும். அதன் பின்முகத்தை மூடியிருக்கும் வட்டத் தகட்டுக்கு டிஃபரன்ஷியல் கவர் என்று பெயர். அவர் பார்த்தது அதைத்தான்.

"பெயின்ட் உரிஞ்சு போச்சு. துரு ஏறியிருக்கு. விளிம்பெல்லாம் எண்ணெய்க் கசிவு, அதுமேல ஒரு விரக்கடை மண்ணு. பாக்கவே தேஞ்சுபோன அச்சு மாதிரி இருக்கேப்பா."

"ஓடுறதுல ஒரு குறையும் இல்லீங்க சார்."

"உன்னை நம்பறேன். அச்சை எப்படி நம்பறது? மலையில பாதி வழியில நின்னுட்டா, அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அவர் குரலில் கடுமை இல்லை. "வெள்ளிக்கிழமை வர்றேன். சரிபண்ணுவியோ, அச்சையே மாத்துவியோ, உன் பாடு. அப்பவும் இப்படியே இருந்தா வேற வண்டிதான்."

அவர் சொன்னதில் தப்பு ஏதும் இல்லை. அதனால்தான் நிதானத்துக்கு அது அவ்வளவு வலித்தது.

அவனைவிட அதிகமாக வலித்தது அவன் மனைவிக்கு. அவள் பெயின்டர். கடைகளுக்குப் போர்டு எழுதுவாள், வீடுகளுக்குச் சுவர் அடிப்பாள். வருடத்துக்கு ஒரு முறை கணவனின் வண்டிக்கு அடியில் கோணியை விரித்துப் படுத்து, அச்சு, சட்டம், ஸ்பிரிங் பட்டை என்று ஒன்று விடாமல் தன் கையால் பெயின்ட் அடிப்பாள். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு.

"மேல இருக்கறத ஊரே பாக்கும். அடியில இருக்கறத கடவுள் மட்டுந்தான் பாக்கறார். அவர் கண்ணுக்கு அசிங்கமா இருக்கலாமா?"

இந்தப் பதிலை நிதானம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவான். டீக்கடையில் நிற்கும் டிரைவர்களைக் கூப்பிட்டுக் குனிய வைத்து அடிப்பாகத்தைக் காட்டுவான். அப்படிப்பட்ட பெயின்ட்தான் இந்த வருடம் கவரில் மட்டும் ஏடு ஏடாக உரிந்திருந்தது. "நான் அடிச்சது நிக்கலையே" என்று அவள் அன்று இரண்டு மூன்று முறை சொன்னாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் வண்டி மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனது. மெக்கானிக் வேறு யாருமல்ல, அவளுடைய அண்ணன்.

"வாங்க மாப்ள. எப்பப் பொறப்பட்டீங்க, போன மாசமா?"

"வாயை அப்புறம் தொற மச்சான். வண்டியைப் பாரு."

மெக்கானிக் வண்டியின் அடியில் சரிந்து போனான். சிறு சுத்தியலால் கவரை அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டான். மணி போலச் சத்தம் வந்தது. திருப்புளியின் முனையால் துருவைச் சுரண்டினான். மேலே படிந்த துரு உதிர்ந்து, கீழே கெட்டி இரும்பு தெரிந்தது. அம்மைத் தழும்பு போலச் சில குழிகள் இருந்தன, ஓட்டை எதுவும் இல்லை.

"தகடு நல்லாத்தான் இருக்கு. துரு தோலோட நிக்குது, சதைக்குப் போகல. எண்ணெய் எந்தப் பக்கம் கசியுதுன்னு தெரியணும். மண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு."

டீசலும் துணியும் போட்டு முழுவதையும் கழுவித் துடைத்தார்கள். காய்ந்ததும் மெக்கானிக் கையை நீட்டினான்.

"பவுடர் குடு."

"என்ன பவுடர்?"

"என் தங்கச்சி மூஞ்சிக்குப் போடற பவுடர். வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வா."

"வண்டியோட பின்னழகுக்கா?"

"எண்ணெய் எங்க எட்டிப் பாக்குதோ அங்க பவுடர் ஊறிக் காட்டிக்குடுக்கும். போ மாப்ள. நிதானமா வா, அவசரமே இல்ல."

நிதானம் பவுடர் டப்பாவோடு திரும்பி வந்தான். கவரின் விளிம்பெங்கும் பவுடர் தூவினார்கள். லாரியின் பின்பக்கம் கல்யாணப் பெண் போல வெளுத்தது. பட்டறையில் கிடந்த பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே மேடும் பள்ளமுமான சாலையில் அச்சு நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்தார்கள்.

வந்து குனிந்தபோது, பவுடர் ஒரு பக்கமாக ஊறியிருக்கவில்லை. சுற்றிலும், போல்ட்டுக்குப் போல்ட் நடுவே, பூவிதழ் போல ஊறியிருந்தது. மெக்கானிக் தாடையைச் சொறிந்தான்.

"கவருக்கு அடியில வைக்கற கேஸ்கட் கிழிஞ்சிருந்தா ஒரு எடத்துலதான் வரும். எல்லாப் பக்கமும் வருதுன்னா உள்ளேருந்து ஏதோ தள்ளுது."

எண்ணெய் ஊற்றும் வாயின் திருகை மெல்லத் தளர்த்தினான். அது முழுதும் கழன்றுகூட வரவில்லை. உஸ்ஸென்று நீளமாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வண்டி ஓடினால் அந்தக் கூட்டுக்குள் சூடு ஏறும், காற்று பெருகும். அது வெளியேற அச்சின் மேல்பக்கத்தில், ஸ்பிரிங் பட்டைகளுக்கு மறைவில், தையற்காரர் விரலில் மாட்டும் கவசம் அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். பிரீதர் என்பார்கள். அது அடைத்துக்கொண்டால் காற்றுக்குப் போக வழி இருக்காது. கிடைத்த சந்திலெல்லாம் எண்ணெயைத் தள்ளும். கசிந்த எண்ணெயின் மேல் மண் ஒட்டும், மண்ணுக்குள் ஈரம் தங்கும், பெயின்ட் தூக்கிக்கொண்டு உரியும், துரு பிடிக்கும். பார்க்கிறவர்கள் வண்டி தேய்ந்துவிட்டது என்பார்கள்.

அந்த மூடியைத் தேடி மெக்கானிக் கையை உள்ளே விட்டுத் தடவினான். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தான்.

"என்ன மச்சான், மண்ணா?"

"மண்ணு இல்ல. பச்சை."

மூடியும், மூடியைச் சுற்றிய இடமும் ஒரே வழுவழுப்பாகக் கரும்பச்சையில் மூழ்கியிருந்தன. ஒரு மயிரிழை கூட விடாத அழகான வேலை. இரண்டு கோட்டிங்.

நிதானம் வண்டிக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏனோதானோவென்று அடிக்கிற பெயின்டர் அந்த இடத்தைத் தொட்டிருக்கவே மாட்டான். கை எட்டாத மூலையையும் விடக்கூடாது என்று நினைத்தவளுக்குத்தான் இந்தத் தவறு வாய்க்கும்.

"அவகிட்ட மூச்சு விடாத மச்சான்."

"மறைக்கச் சொல்றியா?"

"ஏற்கனவே பாதி உசுரா இருக்கா. அவ அடிச்சதாலதான் வேலை கை நழுவுதுன்னு தெரிஞ்சா அப்புறம் பிரஷ்ஷைத் தொடமாட்டா. தூசி அடைச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

மெக்கானிக்குக் கூடப்பிறந்த பாசம். சரி என்றான். அன்பினால் சொல்கிற பொய் என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். பிரீதரைக் கழற்றித் தின்னரில் ஊறப்போட்டு, கம்பி விட்டுத் துளையைத் திறந்து, மூடி தடையில்லாமல் ஆடுகிறதா என்று பார்த்துத் திரும்ப மாட்டினான். பிறகு எண்ணெயை வடித்தான். வடிகால் திருகில் இருந்த காந்தத்தில் சாந்து போல நைசான இரும்புத் தூள் மட்டும் ஒட்டியிருந்தது. பல் உடைந்த சில்லு ஒன்றுகூட இல்லை. கவரைக் கழற்றியபோது உள்ளே பற்சக்கரங்கள் துலக்கி வைத்த பாத்திரம் போல மின்னின.

"நிதானமா ஓட்டுனதுக்குப் பலன் பாத்தியா மாப்ள. இனிமே உன்னைக் கிண்டல் பண்ணமாட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"சாயங்காலம் வரைக்கும்."

மதியம் அவள் வந்தாள். அச்சின் மேல் இருக்கும் காற்று மூடியில் தூசி அடைத்ததுதான் கசிவுக்குக் காரணம் என்று இருவரும் அவளிடம் சொல்லிவைத்தார்கள். பட்டறை முற்றத்தில் இரண்டு செங்கல்லின் மேல் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் எண்ணெய்ப் பசை போகச் சோப்புநீரால் கழுவினாள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். பிறகு உப்புத்தாள், முதலில் சொரசொரப்பானது, அடுத்து நைசானது. துருவை நிறுத்துகிற மருந்தைத் தடவிக் காயவிட்டாள். வண்டியோடு பொருந்தும் உள்விளிம்பில் ஒரு சொட்டு பெயின்ட்கூடப் படாமல் காகித டேப் ஒட்டினாள்.

"அந்தக் குழிகளுக்குப் பட்டி வச்சு இழுத்துடேன் தங்கச்சி. ஆபீசர் கண்ணுக்கு வழுவழுன்னு இருக்கும்" என்றான் அண்ணன்.

"சூடு ஏறுற எடத்துல பட்டி நிக்காதுண்ணே. ரெண்டு மாசத்துல பேந்துக்கும். குழி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பெயின்ட் அழகுக்கு, ஏமாத்தறதுக்கு இல்ல."

இரண்டு ஆண்களும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் பச்சையைக் கலக்கினாள். "அச்சுலயும் அங்கங்க உரிஞ்சிருக்கும். அதையும் தொட்டுடறேன்" என்று கோணியை எடுத்தாள்.

"அதை நான் பாத்துக்கறேன், நீ கவரை மட்டும் அடி" என்றான் அண்ணன் அவசரமாக.

"நீயா? வீட்டுக் கதவுக்கு அடிக்கச் சொன்னா தரைக்கு அடிச்சவன் நீ."

"வெயிலா இருக்கு, நீ உள்ள போகாத" என்றான் புருஷன்.

"வண்டிக்கடியில ஏதுங்க வெயிலு?"

அவள் உள்ளே போய்விட்டாள். பிறகு, தின்னரில் குளித்துப் பளபளக்கும் பிரீதரின் திருகுமரையில் ஒட்டியிருந்த ஒரு பொட்டுப் பச்சையை விரல் நுனியில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"இது என்னோட பச்சை."

அவள் விரலை அண்ணனிடம் நீட்டினாள்.

"நான்தான அடைச்சேன்?"

"தெரியாம நடந்ததும்மா" என்றான் அண்ணன்.

"தெரியாம நடந்துச்சு, சரி. தெரிஞ்ச பிறகு ஏன் சொல்லல?" அவள் கணவனைப் பார்த்துத்தான் கேட்டாள். "சொல்லாம விட்டிருந்தா அடுத்த வருசமும் இதையே தேடிப்போய் அடிச்சிருப்பேனே. அப்ப மலையில சிலிண்டரோட நின்னிருப்பீங்களே."

நிதானம் தரையைப் பார்த்தபடி சொன்னான். "உன் வேலையை ஊரெல்லாம் காட்டுன வாய் இது. அதே வாயால உன் தப்பை எப்படிச் சொல்றதுன்னு வரல."

அவள் கண் கலங்கியது. கோபமும் இருந்தது. ஆனால் தன்னை நோகடிக்க மனமில்லாத இரண்டு பேர் முன்னால் எவ்வளவு நேரம்தான் கோபமாக நிற்க முடியும்?

"இனிமே என்கிட்ட சொல்லுங்க. நான் ஒண்ணும் பீங்கான் இல்ல, உடைஞ்சு போறதுக்கு."

பிறகு அவள் தன் பையைத் துழாவி, போர்டு எழுதி மிச்சமிருந்த மஞ்சள் பெயின்ட் டப்பாவை எடுத்தாள். மெல்லிய பிரஷ்ஷோடு மறுபடியும் உள்ளே போனாள். பிரீதர் மூடியைத் தொடாமல், அதைச் சுற்றி அச்சின் மேல் ஒரு வளையம் போட்டாள். எழுத்துக்காரியின் கை. காம்பஸ் வைத்தது போல இருந்தது வட்டம்.

"இது எதுக்கு?" என்றான் மெக்கானிக்.

"நாளைக்கு இந்த வண்டிக்கு வேற யாராவது பெயின்ட் அடிக்க வரலாம். அவங்களுக்கு யாரு சொல்லுவா, இங்க மூச்சு இருக்குன்னு?"

வெள்ளிக்கிழமை ஆபீசர் பட்டறைக்கு வந்தபோது கவர் புதுக் கேஸ்கட்டோடு ஏறி, குறுக்கும் நெடுக்குமாகப் போல்ட்டுகள் முடுக்கப்பட்டு, புது எண்ணெயும் ஊற்றப்பட்டிருந்தது. ஆபீசர் குந்தி உட்கார்ந்தார். பச்சையில் அவருடைய மீசை தெரிந்தது. விரலால் ஒரு குழியைத் தடவினார்.

"துருக் குழி. பட்டி வைக்கலையா?"

"வச்சா நிக்காது சார்" என்றாள் அவள்.

"நல்லது. எதனால கசிஞ்சுது?"

நிதானம் தொண்டையைச் செருமினான். பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "அது வந்து சார், தூ..."

"நான்தான் சார் காரணம்" என்றாள் அவள். "காத்துப் போற மூடி மேல பெயின்ட் அடிச்சு அடைச்சுட்டேன். தெரியாது எனக்கு. இப்பத் தெரியும். அச்சுல ஒரு தேய்மானமும் இல்ல, எங்கண்ணன் எல்லாம் பாத்தாச்சு."

சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து நின்றாள். ஆபீசர் அவளையே பார்த்தார். வேலை போனது என்று நிதானம் நினைத்தான். அதோடு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்ப்பவன் போல மனைவியைப் பார்த்தான். அவனுக்கு வேலையைப் பற்றிய கவலைகூட ஒரு கணம் மறந்துபோனது.

"எனக்கு எப்படித் தெரியும், அதுதான் காரணம்னு?" என்றார் ஆபீசர், நியாயமாக.

அவள் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். பளபளக்கும் தன் புதுப் பெயின்ட்டின் விளிம்பு முழுவதும், ஒரு போல்ட் விடாமல், தானே தூவினாள்.

"ஒரு லோடு ஏத்திவிடுங்க சார். மலை ஏறி எறங்கி வரட்டும். கசிஞ்சா இது காட்டிக்குடுத்துடும். அப்ப வேற வண்டி பாத்துக்குங்க."

ஆபீசர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "காலி சிலிண்டர் ஏத்துறேன். நானும் கூட வர்றேன்" என்றார்.

போகும்போது நிதானம் காலையில் வழக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டான். மலைப்பாதையில் அவனை முந்திப் போன வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டின. ஆபீசர் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். கேட்கவில்லை. பாதி வழியில் அவர் தூங்கிவிட்டார்.

வெயில் தாழும் நேரத்தில் வண்டி பட்டறைக்குத் திரும்பியது. நான்கு பேரும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகக் குந்தினார்கள். கவரிலிருந்து சூடு அடித்தது. பவுடர் சாலைத் தூசியில் செம்மண் நிறமாகியிருந்தது. ஈரமா, உலர்ந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மெக்கானிக் துணியை எடுத்தான். அதற்குள் ஆபீசர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஓங்கி ஊதிவிட்டார்.

பவுடர் அத்தனையும் பறந்து அவர் மீசையில் வந்து இறங்கியது.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஆபீசர் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஊதிய இடமெங்கும் பச்சை ஒரு துளி ஈரமில்லாமல் மின்னியது. போல்ட்டுகளின் இடுக்கில்கூட எண்ணெய் இல்லை. எண்ணெய் ஊற்றும் வாயின் திருகை மெக்கானிக் தளர்த்தினான். எந்தச் சீறலும் இல்லை. அச்சு அமைதியாக இருந்தது.

"திங்கக்கிழமை காலையில வந்துடுப்பா" என்றார் ஆபீசர். "இந்தத் தடவை காலி இல்ல, நிறைஞ்ச சிலிண்டர்."

நிதானம் கைகூப்பினான்.

ஆபீசர் போகத் திரும்பியவர் நின்றார். டார்ச்சை வாங்கி அச்சின் மேல்பக்கம் அடித்துப் பார்த்தார். "அந்த மஞ்சள் வளையம் யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றாள் அவள்.

"எங்க ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும் வருசா வருசம் யார் யாரோ அடியில பெயின்ட் அடிக்கறாங்க. அதுலயும் இந்த மாதிரி போட்டுக் குடுப்பீங்களா?"

"போடறேன் சார்."

"என் தங்கச்சி சார்" என்றான் மெக்கானிக், கேட்காமலே.

"என் சம்சாரம்" என்றான் நிதானம், விட்டுக்கொடுக்காமல்.

ஒரு மனுஷி தன் தவறை மறைக்காமல் அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள். அடுத்து வருகிற யாரோ ஒருவர், அவள் முகம் கூடத் தெரியாதவர், அதைப் பார்த்துப் பிரஷ்ஷை நிறுத்துவார். மலைக்கு அப்பால் யாரோ ஒரு குழந்தை மூச்சு விடும். உலகத்தைக் கடவுள் இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கைகளை வைத்துத்தான் நடத்துகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நிதானத்தின் வண்டி அந்தத் தெருவில் நிற்கும் விதம் மாறிவிட்டது. முகம் சுவரைப் பார்த்து இருக்கும், பின்பக்கம் தெருவைப் பார்த்து இருக்கும். அவன் வண்டியைத் துடைக்கும் போதும் பின்னாலிருந்துதான் தொடங்குகிறான். யாராவது நின்றால் போதும், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் குனிஞ்சு பாருங்களேன்" என்கிறான்.